நைனா, உண்டி ஏன் இவ்ளோ சத்தம் போடுது?

விருந்துக்கு வந்த மாமா கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டு, நாலாய் மடித்த நூறு ரூபாயைப் பிள்ளை கையில் திணிப்பார். "ஏதாச்சும் வாங்கித் தின்னு." பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கும். "ஐயோ, இதெல்லாம் எதுக்குண்ணா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, வாங்கிக்கோ என்று அம்மா கண் காட்டுவாள். ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள், "குடு, அம்மா பத்திரமா வச்சிருக்கேன்." அவ்வளவுதான். அந்த நூறு ரூபாயை அந்தப் பிள்ளை மறுபடி பார்த்ததாக வேலூர் ஜில்லாவில் சரித்திரமே கிடையாது.

என் காசும் அப்படித்தான் போனது, உங்கள் காசும் அப்படித்தான் போயிருக்கும். பிறகு அதே பிள்ளையை உட்கார வைத்து "துட்டு சேத்து வைக்கணும் கண்ணு" என்று பாடம் எடுத்தால் எப்படிக் காதில் ஏறும்? சேர்த்து வைப்பது என்றால் பெரியவர்களிடம் கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுவது என்றுதான் அது கண்டிருக்கிறது. தின்றிருந்தால் வயிற்றிலாவது இருந்திருக்கும். ஆகவே முதல் வேலை நமக்குத்தான். தன் காசு தன்னுடையதாகவே இருக்கும், கேட்டால் கைக்கு வரும் என்று பிள்ளை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை வராமல் நீங்கள் எத்தனை உண்டியல் வாங்கிக் கொடுத்தாலும் வீண்.

இதை நான் யோக்கியன் மாதிரி சொல்லவில்லை. நான் இருப்பது சத்துவாச்சாரி, டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிற வேலை. பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாதக் கடைசியில் சிலிண்டர் வந்துவிட்டது, கையில் 400 ரூபாய் குறைகிறது. பீரோ மேல் சின்னவனின் தகர உண்டியல். கத்தியை ஓட்டைக்குள் விட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டினால் கத்தி மேலேயே நோட்டு சறுக்கிக்கொண்டு வரும், இந்த வித்தை தெரியாத தகப்பன் யார். நாலு நூறு ரூபாய் எடுத்தேன், ஒண்ணாம் தேதி திரும்பப் போட்டுவிடலாம் என்று. ஒண்ணாம் தேதி வந்தது, போனது, மறந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைப் போட்டுவிட்டு வழக்கம் போலக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினான். ஒரு மாதிரி நின்றான். மறுபடி குலுக்கினான். "நைனா, உண்டி ஏன் இவ்ளோ சத்தம் போடுது?"

நோட்டு உள்ளே இருந்தவரை சில்லறை அதில் மோதி அமுங்கிய சத்தம்தான் வந்திருக்கிறது. நோட்டு போனதும் கலகலவென்று கொட்டுகிறது. ஐந்து வயசுப் பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

அன்றைக்கு வைத்த சட்டம் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பிள்ளை காசைத் தொட வேண்டிய நிலை வந்தால் (வரும், மாதக் கடைசியில் எல்லோர் வீட்டிலும் வரும்) பிள்ளையிடம் கேட்க வேண்டும். முடியாது என்று அது சொன்னால் விட்டுவிட வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. சரி என்று கொடுத்தால் அதன் கணக்கு நோட்டில் நம் கையெழுத்தில் எழுதி, திருப்பித் தரும் தேதி போட்டு, அந்தத் தேதியில் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இப்படி இரண்டு தடவை நடந்தால் போதும், வட்டி என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டிய வேலை மிச்சம்.

நோட்டு என்றேன் அல்லவா, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கம் கல்யாணம், காது குத்து எது நடந்தாலும் வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவார்கள். யார், எந்த ஊர், எவ்வளவு. அந்த நோட்டை வீட்டில் பத்திரமாக வைத்திருப்போம், அவர்கள் வீட்டு விசேஷம் வந்தால் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கவரில் பணம் வைப்போம். பிள்ளைக்கும் அதே மாதிரி ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். "பெரிய அத்தை, குடியாத்தம், 100, சிரசுத் திருவிழாவுக்குப் போனப்ப." "ஆற்காடு மாமா, 50, மக்கன் பேடாவும் குடுத்தார்." இப்படித்தான் எங்கள் சின்னவன் எழுதுகிறான், அந்தப் பேடா இனிப்பையும் கணக்கில் சேர்த்து. அந்த அத்தை மகளுக்குப் பிறந்தநாள் வந்தபோது நோட்டைப் பார்த்து 30 ரூபாய்க்கு ஒரு கலர் பென்சில் டப்பா தன் காசில் வாங்கிப் போனான். பிறருக்குக் கொடுப்பதை இதைவிட எளிதாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. காசை மூன்று டப்பாவில் பிரித்துப் போடு, ஒன்று செலவுக்கு, ஒன்று சேமிப்புக்கு, ஒன்று தர்மத்துக்கு என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு வாரம்கூட ஓடவில்லை, மூன்று டப்பாவும் ஒன்றாகிவிட்டது.

டப்பா என்றதும், எதில் போட்டு வைப்பது? மண் உண்டியல் அழகுதான். கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர், நம் பக்கத்தில் மண் உண்டியலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஆறேழு வயசுக்கு அது சரிப்படாது என்பது என் கட்சி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, எடுத்து எண்ண முடியாது, உடைத்தால் அதோடு கதை முடிந்தது. சின்னப் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஊறுகாய் வந்த பிளாஸ்டிக் ஜாடியோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோ கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். காசு ஏறுகிற மட்டத்தை அது வெளியிலிருந்து பார்க்கட்டும், தினமும் கொட்டி எண்ணட்டும், எண்ணிவிட்டு மறுபடி போடட்டும். தொல்லையாகத்தான் இருக்கும், தரையெல்லாம் சில்லறை உருளும், விடுங்கள். ஒன்பது பத்து வயசானதும், ஆறு மாதம் தள்ளி வாங்கப்போகிற ஏதாவது ஒன்றுக்காக மண் உண்டியல் கொடுக்கலாம். அப்போதும் ஒவ்வொரு தடவை போடும்போதும் நோட்டில் எழுதிவிட்டுப் போடச் சொல்லுங்கள். உடைக்கிற நாளில் நோட்டுக் கணக்கும் தரையில் கிடக்கிற காசும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் இருக்கிற பரபரப்பே தனி.

பெரியவள் போன பொங்கலுக்கு உடைத்தாள். கோணிப்பையை விரித்து, அதன்மேல் வைத்து, அம்மிக் குழவியால் ஒரு தட்டு. ஓடு நான்காகப் பிளந்தது. மண்ணும் துருவும் கலந்த ஒரு வாசனை, சுருண்டு கிடந்த நோட்டுகள், ஒரு நோட்டின் மடிப்பில் மிட்டாய்க் காகிதம். கணக்கு நோட்டில் 1,340, தரையில் 1,335. அந்த ஐந்து ரூபாயைத் தேடி அரை மணி நேரம். கடைசியில் ஒரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருந்தது. மொத்தத்தில் பத்து ரூபாய்க் காசு மட்டும் 31 இருந்தது. அடுத்த சிக்கல் அங்கே ஆரம்பித்தது.

பத்து ரூபாய்க் காசை நம் ஊர்க் கடைகளில் நீட்டிப் பாருங்கள், கடைக்காரர் பாம்பைப் பார்ப்பது போலப் பார்ப்பார். செல்லாது, பத்துக் கோடு இருந்தால்தான் செல்லும், பதினைந்து கோடு இருந்தால் போலி, ஆளுக்கொரு சாஸ்திரம். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும், ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும். ஆனால் பிள்ளைக்குக் கடைக்காரர் முகம்தான் தெரியும், ரிசர்வ் வங்கி தெரியாது. ஆறு மாதம் சேர்த்த காசை ஒருத்தர் "செல்லாது போ" என்று தள்ளிவிட்டால் அது மனசுக்கு எப்படி இருக்கும்? அதனால் பத்து ரூபாய்க் காசை மட்டும் தனியாக வைத்து வங்கியிலோ தபால் நிலையத்திலோ பிள்ளை கையாலேயே கட்டச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் வாங்கிக்கொண்டு ரூபாய் நோட்டாகக் கொடுங்கள். செல்லும் என்று வாயால் சொன்னால் போதாது, மாற்றிக் காட்ட வேண்டும்.

சரி, மாமா வந்தால்தான் காசு என்றால் சேமிப்பு நடக்காது, விருந்தாளிக்காகக் காத்திருப்பதுதான் நடக்கும். வாரா வாரம் ஒரே கிழமை, ஒரே தொகை கொடுங்கள். சின்னவனுக்கு 20, பெரியவளுக்கு 50, ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடிந்ததும். உங்கள் சௌகரியப்படி பத்தாகவும் இருக்கலாம், தொகை பெரிய விஷயமில்லை. தவறாமல் வர வேண்டும், நடுவில் கூடுதலாக வரக் கூடாது. எதற்கு அந்தக் காசு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்: பள்ளி வாசலில் விற்கிற மாங்காய்க் கீற்று, தேன் மிட்டாய், குச்சி ஐஸ் எல்லாம் அதில். பேனா, நோட்டு, பஸ் காசு நம் செலவு. புதன்கிழமையே தீர்ந்துபோய் வந்து நின்றால் இரக்கப்படாதீர்கள். இங்கேதான் ஆயா, அதாவது பாட்டி, குறுக்கே வருவார். "கொழந்தடா அது, அஞ்சு ரூவாயில இன்னா ஆயிடப்போவுது" என்று சுருக்குப் பையை அவிழ்ப்பார். எங்கள் அம்மாவிடம் நான் கெஞ்சி ஒரு ஒப்பந்தம் போட்டேன்: கொடுப்பதானால் ஞாயிற்றுக்கிழமை கொடு, நோட்டில் எழுதச் சொல்லிக் கொடு. பாதி நாள் கடைப்பிடிக்கிறார்.

வீட்டு வேலைக்குக் கூலி தரலாமா என்று கேட்பார்கள். தராதீர்கள். நான் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். தண்ணீர் பிடித்தால் 2 ரூபாய், துணி மடித்தால் 3 ரூபாய் என்று பெரியவளிடம் ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில், சாப்பிடத் தட்டு எடுத்து வா என்றால் "எவ்ளோ?" என்று கேட்டாள். அதோடு நிறுத்திவிட்டேன். வீட்டு வேலை வீட்டு வேலை. பழைய பேப்பர் எடைக்குப் போடுவது, காலி பாட்டிலைப் பொறுக்கிச் சேர்த்து விற்பது போல வெளியிலிருந்து காசு வருகிற வேலை இருந்தால் அந்தக் காசு அவர்களுக்கு. அது நியாயம்.

எதற்குச் சேர்ப்பது என்பதைப் பிள்ளை சொல்லட்டும். நமக்குக் காலேஜ், கல்யாணம் என்றெல்லாம் ஓடும், ஏழு வயசுப் பிள்ளைக்கு அடுத்த மாதமே அடுத்த ஜென்மம். மூன்று நான்கு வாரத்தில் கைக்கு வரக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். 80 ரூபாய் பிளாஸ்டிக் பேட் வேண்டுமா, லாங் பஜாருக்குக் கூட்டிப்போய்க் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், விலையை அவனே கேட்கட்டும். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எட்டுக் கட்டம் போட்டு பீரோ கதவில் ஒட்டுங்கள், பத்து ரூபாய் சேர்ந்தால் ஒரு கட்டத்துக்குக் கலர் அடிக்கட்டும். பள்ளியில் அக்டோபர் 30 உலக சிக்கன நாளுக்குக் கட்டுரைப் போட்டி வைப்பார்கள், எல்லாப் பிள்ளையும் 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று எழுதிக் கொடுக்கும். பாலாற்றை மணலாகவே பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பழமொழியை எப்படி நம்பவைப்பது, சொல்லுங்கள். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோதுதான் இது ஆறு என்று பெரியவள் ஒத்துக்கொண்டாள். கட்டத்துக்குக் கலர் அடிப்பது அதைவிட உடனே புரிகிறது.

சேர்த்த காசைச் செலவழிக்கும்போதுதான் நமக்கு வாய் அரிக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். இந்த மாசி அமாவாசைக்கு மயானக் கொள்ளைத் திருவிழா பார்க்கப் பாலாற்றங்கரைக்குப் போனோம். சின்னவனிடம் அவன் சேர்த்த 150 ரூபாய், டவுசர் பையில் கையை வைத்தபடியே நடந்தான். அங்கே வழி நெடுக பொம்மைக் கடை. லைட் எரிகிற பேட்டரி கார் ஒன்று, 140 ரூபாய். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது, ஒரு நாள் தாங்காது. "நல்லா யோசிச்சுக்கோ" என்று ஒரு தடவை மட்டும் சொன்னேன். வாங்கினான். பாலத்தைத் தாண்டி வருவதற்குள் ஒரு சக்கரம் கழன்றது, வீட்டுக்கு வந்தபோது லைட்டும் இல்லை. அழவில்லை, ஆனால் இரவு சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. "அப்பவே சொன்னேன்" என்று அவன் அம்மா ஆரம்பித்தாள், நான் சைகை காட்டி நிறுத்தினேன். அடுத்த நாள் வேறு வாங்கித்தரவும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு கடையில் நின்றபோது அவன் பொம்மையைக் காட்டி, "ஓட்டிக் காட்டுங்கண்ணா, கீழ வச்சு ஓட்டிக் காட்டுங்க" என்று கேட்டான். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் காய்கறி வாங்க அனுப்புங்கள், வீட்டுக் காசைக் கையாளப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. உழவர் சந்தையில் விலைப் பலகை எழுதி வைத்திருப்பார்கள், முதலில் அதை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். 200 ரூபாயும் ஒரு சீட்டும் கொடுத்து, எல்லாம் வாங்கி மீந்தால் அது உனக்கு என்றேன் பெரியவளிடம். முதல் வாரம் எல்லாவற்றிலும் மலிவானதாகப் பார்த்து எடுத்துவந்து 45 ரூபாய் மிச்சம் பிடித்தாள். தக்காளியில் பாதி அழுகல், கத்தரிக்காயில் புழு. அவள் ஆயா கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, காரக்குழம்பு வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆயாவுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்தான் வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த காய், சாதாரணக் கத்தரியைவிட விலை கூட. அடுத்த வாரம் பெரியவள் தக்காளியில் கால் கிலோ குறைத்து, முள்ளுக் கத்தரி வாங்கி, 12 ரூபாய் மட்டும் மிச்சம் பிடித்தாள். மிச்சம் பிடிப்பது வேறு, சிக்கனம் வேறு என்பதை நான் வாய் வலிக்கச் சொல்லியிருந்தாலும் இப்படி ஏறியிருக்காது.

இன்னொரு தலைவலி போன். நாம் எங்கே போனாலும் ஸ்கேன் செய்கிறோம், பெட்டி பேசுகிறது, பொருள் வருகிறது. துட்டு இல்லை என்று சொன்னால் "போன்ல அடிச்சுக் குடு நைனா" என்கிறது பிள்ளை. பணம் தீரும் என்பதே அதற்குத் தெரிய வழியில்லை. அதற்கு நான் செய்தது இது: ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், வீட்டுச் செலவுக்கான முழுத் தொகையையும் ஏடிஎம்மில் எடுத்து வந்து பாயில் பரப்பினேன். நூறு ரூபாய்க் கட்டுகளாக. பிள்ளைகள் கண் விரிந்துவிட்டது, இவ்வளவா என்று. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம்: வாடகை, பால், மளிகை, கரண்ட், பள்ளி வேன், ஆயா மாத்திரை, மகளிர் குழுவுக்கு அம்மா கட்டுகிற தவணை. கடைசியில் பாயில் பதினோரு நூறு ரூபாய்த் தாள் கிடந்தது. குழுத் தவணையைப் பிள்ளைகள் முன்னால் எடுத்து வைப்பதா என்று மனைவி தயங்கினாள். ஆனால் வசூலுக்கு வருகிறவர் வாசலில் நின்றபோது "அம்மா இல்லன்னு சொல்லு" என்று ஒரு நாள் நாமே சொல்லி அனுப்பியிருக்கிறோம், பிள்ளைக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? எதற்காகக் கடன் வாங்கினோம், இன்னும் எத்தனை வாரம் என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு ஜாக்கிரதை மட்டும்: அன்று ராத்திரி பெரியவள் வந்து "எனக்கு இந்த வருஷம் ஷூ வேணாம்" என்றாள். பயமுறுத்திவிட்டேனோ என்று இருந்தது. ஷூ இந்தக் கட்டில் இருக்கிறது பார் என்று எடுத்துக் காட்டித்தான் தூங்க வைத்தேன். செலவைக் காட்டினால் அதற்கு வழி இருப்பதையும் அதே கையோடு காட்டிவிட வேண்டும்.

பத்து வயது முடிந்தால் கணக்கு தொடங்கலாம். தபால் நிலையத்தில் 500 ரூபாய் போட்டால் பிள்ளை பெயரிலேயே சேமிப்புக் கணக்கு, 10 வயதுக்கு மேல் என்றால் அதுவே கையெழுத்துப் போட்டு நடத்தலாம், அதற்குக் கீழே என்றால் நாம் காப்பாளர். ஆதார், பிறப்புச் சான்று, போட்டோ, நம் ஆதார், பான் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு நடை மிச்சமாகும். வங்கியிலும் முடியும். 10 வயது முடிந்த பிள்ளை தானே கணக்கு தொடங்கி நடத்தலாம், எவ்வளவு தொகை வரை என்பதை வங்கி முடிவு செய்துகொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. என் வாக்கு தபால் நிலையத்துக்குத்தான். குறைந்த தொகையில் நடக்கும், பாஸ்புக் கையில் இருக்கும்.

பெரியவள் கையெழுத்துப் போட இரண்டு நாள் பழகினாள், ஒரு பக்கம் முழுக்கத் தன் பெயரைத் தமிழில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. கவுண்டர் அவள் மூக்கு உயரம். எட்டி, நுனிக்காலில் நின்று, 500 ரூபாயை அவளே தள்ளினாள். பாஸ்புக் வாங்கியதும் வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி, "இப்போ அந்த அஞ்சு நோட்டும் எங்க இருக்கும்?" இரண்டாவது, வட்டி எவ்வளவு. வருடத்துக்கு 100-க்கு 4 ரூபாய், அப்படியென்றால் 500-க்கு 20 என்று அவளே கணக்குப் போட்டுவிட்டு, "இதுக்கா வெயில்ல இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றாள். மே மாத வேலூர் வெயில், கேள்வி நியாயம்தான்.

அதனால் அப்படியே தொடர் வைப்புக் கணக்கும் போட்டோம், நம் ஊர்ப் பேச்சில் ஆர்.டி. மாதம் 100 ரூபாய், ஐந்து வருடம். கட்டுவது 6,000. இப்போதைய வட்டி 6.7 சதவீதம், முடிவில் வருவது 7,136. இந்த 1,136-ஐப் பார்த்ததும் முகம் மாறியது. வட்டி விகிதத்தை அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம், ஆனால் ஆர்.டி. தொடங்கிய நாளில் இருந்த விகிதமே கடைசி வரை. மாதத்தின் முதல் பதினைந்து நாளுக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், அதற்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசி வரை நேரம். தவறினால் 100-க்கு 1 ரூபாய் அபராதம். அந்த ஒரு ரூபாய் போனபோது அவள் பட்ட துக்கம் இருக்கிறதே! சேமிப்புக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு, 10-ஆம் தேதிக்குப் பிறகு மாதக் கடைசிவரை எவ்வளவு குறைந்தபட்சம் இருக்கிறதோ அதற்குத்தான் அந்த மாத வட்டி. ஆகவே போடுவதை 10-க்குள் போடுங்கள்.

பெண் பிள்ளைக்குச் செல்வமகள் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். நல்ல திட்டம், பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும், இப்போது 8.2 சதவீதம். தாராளமாகப் போடுங்கள். ஆனால் 21 வருடம் கழித்து முதிர்கிற கணக்கு, அது பெற்றோர் சேமிப்பு. பிள்ளைக்குப் பழக்கம் அதில் வராது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கணக்கைச் சீக்கிரம் பழக்கிவிடச் சொல்வதற்கு இன்னொரு காரணம், காசு நேராகப் பிள்ளை கணக்குக்கே வருகிற காலம் இது. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000. முதல்முதலாக ஆயிரம் ரூபாய் கணக்கில் விழுகிற அன்றைக்குத்தான் பாஸ்புக்கைத் தொடுகிற பிள்ளையும், பத்து வயதிலிருந்து கவுண்டரில் நின்று பழகிய பிள்ளையும் ஒரே மாதிரி செலவழிக்காது.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், நம் பக்கத்து ஆட்களுக்கு இது பட்ட காயம். என் சித்தி ஒரு தீபாவளிச் சீட்டில் மாதம் 500 கட்டினார், மளிகை, பட்டாசு, ஸ்வீட், கடைசியில் கொஞ்சம் தங்கம் என்று நோட்டீஸ். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கடைக்குப் பூட்டு. சித்தி வீட்டுக்கு வந்து அழுததைப் பெரியவள் பார்த்தாள். மறைக்காமல் கணக்காகச் சொல்லிக் கொடுத்தேன். தபால் நிலையம் 100 ரூபாய்க்கு ஒரு வருடத்துக்கு ஏழு ரூபாய்கூடத் தரவில்லை. இந்த மாதிரி ஒருத்தர் அதே 100 ரூபாய்க்கு மாதத்துக்கு எட்டு ரூபாய் தருகிறேன் என்கிறார், வருடத்துக்கு எவ்வளவு? "தொண்ணூத்தாறு." சரி, அவர் அந்த 96 ரூபாயை எங்கேயிருந்து கொண்டுவருவார்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடுத்து சேர்றவங்க துட்டுலேர்ந்து" என்றாள். வேலூரில் எத்தனையோ படித்தவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

எல்லாப் பிள்ளையும் ஒரே அச்சு இல்லை. சின்னவன் கையில் காசு நிற்காது. பெரியவள் நேர்மாறு, செலவே செய்யமாட்டாள், தோழிகள் ஐஸ் வாங்கும்போது வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அதுவும் சரியில்லை. அவளுக்கு நான் வைத்த சட்டம், வாரத்துக்குப் பத்து ரூபாயாவது தின்று தீர்க்க வேண்டும், கணக்கு நோட்டில் என்ன தின்றாய் என்று எழுத வேண்டும்.

போன வாரம் சின்னவன் நோட்டைப் புரட்டினால் ஒரு வரி, "அக்காகிட்ட வாங்கினது 30, குடுக்க வேண்டியது 35." விசாரித்தால், கிரிக்கெட் பந்துக்காகக் கடன், இரண்டு வாரத் தவணை, 5 ரூபாய் வட்டி, பெரியவள் கையெழுத்தும் இருக்கிறது. நைனா 400 ரூபாய்க்குப் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்தார், நான் 30-க்கு அஞ்சு கேட்டா தப்பா என்று அவள் வாதம். வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் கொடுத்தால் வட்டி கிடையாது, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காசில் கழித்துக்கொள்ளலாம், நைனாவும் அம்மாவும் வாங்கினால் மட்டும் வட்டி உண்டு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அந்த 35-ஐ அடித்து 30 என்று திருத்த அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.